கண்ணையும் காதையும் தீர விசாரித்தோர்

"கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஊர் வழக்குத் தீர்க்கும் பெரியோரும், வதந்தியை நம்பிச் சண்டைக்கு எழும் அயலவரை அமர்த்தும் பாட்டிமாரும் இப்பழமொழியை எடுத்தாளக் கேட்டிருக்கிறோம். ஆயின், அந்தக் கண்ணையும் காதையுமே சாட்சிக் கூண்டில் ஏற்றி, "நீங்கள் சொல்வதில் மெய் எவ்வளவு? மூளைக்கு எதைச் சொன்னீர்கள்? எதைச் சொல்லாது விட்டீர்கள்?" என்று தீர விசாரித்த ஒரு சபையும் உண்டு. அதனைப் பற்றி வாசகர்களிற் பலர் அறிந்திரார். இவ்வாரம் அச்சபையைப் பற்றியும், அதனால் நமது வீட்டுப் பிள்ளைகளுக்கு விளைந்த நன்மையைப் பற்றியும் சிறிது பேச எண்ணுகிறோம்.

சபை கூடிய இடம் அமெரிக்கா. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் என்னும் புகழ்பெற்ற உயர்கல்விக் கழகத்துக்கு, பொஸ்ரன் நகருக்கு அண்மையிலே, என்டிகொற் இல்லம் என்னும் மாளிகையொன்று உண்டு. 1959ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி தொடக்கம் ஆகஸ்ற் மாதம் 1ஆந் திகதி வரை, பதினான்கு நாட்கள், பல நாட்டு அறிஞர் அங்கே கூடினர். புலன்கள் உலகச் செய்தியை எவ்வாறு பெற்று மூளைக்கு அனுப்புகின்றன என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். வியன்னா நகரிலே பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பேராசிரியர் வால்ற்றர் ரோசன்பிளித் என்பவர் அங்கு படிக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து 1961இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். புலனறிவுத் துறையில் இறங்குவோர் இன்றும் அந்நூலைத் தேடிப் படிக்கின்றனர்.

உடற்றொழில் அறிந்த வைத்தியரும் உளவியலாரும் அங்கு கூடியது வியப்பன்று. தொலைபேசிக் கம்பியையும் மின்சாரக் கருவிகளையும் ஆளும் பொறியியலாளரும் அவர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்ததே புதுமை. காரணம் இதுதான். 1948ஆம் ஆண்டு குளோட் ஷனன் என்னும் அமெரிக்க அறிஞர், செய்தி என்பதையும் அரிசி பருப்புப் போல அளந்து காட்டலாம் என நிறுவினார். ஒரு கம்பி வழியாக எவ்வளவு செய்தி செல்லும், அதில் எவ்வளவு வீண் என்று கணக்கிட வழி பிறந்தது. கம்பிக்குப் பொருந்தும் கணக்கு நரம்புக்கும் பொருந்துமோ என்ற கேள்வி உடனே எழுந்தது. அக்கேள்விக்கு விடை காணவே இரு சாராரும் கூடினர்.

தந்தி அனுப்பும் கண்

முதலிற் கண்ணின் சாட்சியத்தைக் கேட்போம். கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையில் ஒளியை உணரும் நுண்கலங்கள் ஏறக்குறைய 12 கோடிக்கும் மேல் உள்ளன. ஆயின் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பிலுள்ள இழைகளோ சுமார் 10 இலட்சந்தான். நூற்றுக்கு மேற்பட்டோர் சொல்வதை ஒருவரே சுருக்கிச் சொல்லவேண்டிய நிலை. கண் இதனை எவ்வாறு சமாளிக்கிறது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹொறேஸ் பார்லோ என்பவர் அச்சபையில் ஒரு விடை சொன்னார். இவர் சாள்ஸ் டார்வினின் கொள்ளுப்பேரர். டார்வினுடைய பேர்த்தியின் மகன். தந்தி வழக்கில் இருந்த நாளில், சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திய நம் தந்தையர், "அம்மா சுகம் ஞாயிறு வருகிறேன்" என்று நான்கே சொற்களில் வேண்டியதெல்லாம் சொல்லி முடித்ததை முதியோர் நினைவுகூர்வர். பெறுபவர் ஊகித்தறியக்கூடிய எதனையும் அவர்கள் எழுதுவதில்லை. கண்ணும் அவ்வாறு சிக்கனமாகவே செய்தி அனுப்புகிறது என்பதே பார்லோவின் கருத்து. வெள்ளைச் சுவரொன்றைப் பார்க்கும்போது, "இங்கும் வெள்ளை, இங்கும் வெள்ளை" என்று கோடி முறை அறிவிப்பதிற் பயனில்லை. சுவர் எங்கே முடிந்து கதவு எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக் கோட்டைச் சொன்னாற் போதும். மாற்றம் உள்ள இடமே செய்தி; மாறாத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும்.

இவ்வுண்மையை மாணவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடப்புறம் ஒரு சிறு சிலுவைக் குறியும், அதற்கு வலப்புறம் மூன்று அங்குலம் தள்ளி மிளகளவு கரும்புள்ளியும் இடுக. இடக் கண்ணை மூடி, வலக் கண்ணாற் சிலுவைக் குறியையே பார்த்தவண்ணம் தாளை முகத்துக்கு நேரே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துக. ஏறக்குறைய ஓரடி தூரத்தில் அக்கரும்புள்ளி மறைந்துவிடும்! பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் கலங்கள் இல்லாமையே அதற்குக் காரணம். வியப்பு அதுவன்று. புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை எதுவும் தோன்றுவதில்லை. வெறும் வெள்ளைத் தாளே தோன்றுகிறது. கண் அறியாததை மூளை கற்பனை செய்து நிரப்பிவிட்டது. வாழ்நாள் முழுவதும் இவ்வோட்டையோடுதான் உலகைப் பார்க்கிறோம். ஒரு நாளாவது அதனை உணர்ந்தோமா?

சபையில் தவளையின் கண்ணும் விசாரிக்கப்பட்டது. லெற்வின், மற்றூரானா, மக்கலக், பிற்ஸ் என்னும் நால்வர் தவளையின் பார்வை நரம்பில் நுண்ணிய மின்வாய்களை வைத்து ஆராய்ந்தவர்கள். சிறியதாயும் கரியதாயும் அசைவதாயும் உள்ள பொருள் கண்முன் வந்தால் மாத்திரம் துடித்தெழும் நரம்பிழைகளை அவர்கள் அங்கே கண்டனர். அஃதாவது, தவளையின் கண் மூளைக்குப் படம் அனுப்பவில்லை; "ஈ வந்தது" என்று தீர்ப்பே அனுப்புகிறது. அசையாத ஈக்கள் சுற்றிலும் குவிந்து கிடந்தாலும் தவளை பட்டினி கிடக்க நேரும். உணவு அதன் கண்ணில் உணவாகப் படுவதில்லை. தவளையை நோக்கி நாம் நகைக்க வேண்டியதில்லை. எதைக் காண்பது, எதை விடுவது என்ற தெரிவு நமது கண்ணிலும் நம்மைக் கேளாமலே நடந்துகொண்டிருக்கிறது.

காது மறைக்கும் கணக்கு

இனிக் காதின் சாட்சியம். ஹாவர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ் என்னும் உளவியலார், ஒலி எவ்வளவு வலியது, அது நமக்கு எவ்வளவு உரப்பாகத் தோன்றுகிறது என்னும் இரண்டையும் ஒப்பிட்டு அளந்தவர். ஒலியின் சக்தி பத்து மடங்கு பெருகினால் மனிதக் காதுக்கு அது ஏறக்குறைய இரு மடங்காகவே தோன்றும் என்பது அவர் கண்ட முடிபு. பத்துத் தவில்கள் ஒன்றாக முழங்கினாலும் ஒரு தவிலின் ஓசையைப் போல் இரு மடங்கு என்றே காது நமக்குக் கணக்குச் சொல்லும்.

இலை அசையும் ஒலியையும் இடி முழக்கத்தையும் ஒரே காதாற் கேட்க இயல்வது இக்குறைத்துச் சொல்லும் குணத்தினாலேயே. ஆயின் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நட்டத்தை மறைத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையைப் போல, காது தனக்கு நேரும் கேட்டையும் நமக்குக் குறைத்தே சொல்கிறது. 85 டெசிபல் அளவான இரைச்சலில் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் வேலை செய்தலாகாது என்பது அமெரிக்கத் தொழிற் சுகாதார வல்லுநர் வகுத்த வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறுந்தோறும் காலத்தைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 டெசிபலுக்கு வரும்போது எஞ்சுவது கால் மணி நேரமே. திருவிழாவில் ஒலிபெருக்கியின் வாயருகே குழந்தையைத் தோளில் வைத்து நிற்கும் தந்தையரும், காதுக்குட் கருவியைச் செருகியவாறே உறங்கும் இளைஞரும் இக்கணக்கை நினைவில் வைப்பார்களாக. ஆபத்தான முறையில் இசை கேட்பதால் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞரின் செவிப்புலன் கெடும் நிலையில் உள்ளது என உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் எச்சரித்தது.

உட்செவியிலிருந்து மூளைக்கு ஒலிச் செய்தியை அனுப்பும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 3,500 மாத்திரமே. கண்ணின் கோடிக் கணக்கோடு ஒப்பிட்டால் இஃது ஏழையின் சேமிப்பு. மனிதரில் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இரண்டு செவி, ஓர் உலகம்

அச்சபையிற் பேசப்பட்டவற்றுள் நமது உள்ளத்தை மிகவும் தொட்டது இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கொலின் செறி என்பவரின் கட்டுரை. "இரண்டு செவிகள், ஆயின் ஓர் உலகம்" என்ற கருத்துடையது அதன் தலைப்பு. இரு செவிகளும் வெவ்வேறு செய்தி பெறுகின்றன. நாமோ ஒரே உலகத்தையே கேட்கிறோம். இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதே அவருடைய வினா.

கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் நாதசுரம், மறுபுறம் பந்தியிற் பரிமாறுவோர் சத்தம், நடுவே நூறு பேரின் பேச்சு. இத்தனைக்கும் நடுவில் அருகிலிருக்கும் மாமனார் சொல்லும் காணி வழக்கை மாத்திரம் நாம் பிரித்தெடுத்துக் கேட்கிறோம். 1953இல் செறி இதனைச் சோதித்தார். ஒருவரின் இரு செவிகளிலும் இருவேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒன்றை மாத்திரம் கேட்டுத் திருப்பிச் சொல்லும்படி பணித்தார். அவ்வாறு சொல்லியவர்களுக்கு மற்றச் செவியில் என்ன பேசப்பட்டது என்பதே தெரியவில்லை. ஆங்கிலம் மாறி வேற்று மொழி வந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. ஆண்குரல் மாறிப் பெண்குரல் ஆனதை மாத்திரம் உணர்ந்தனர். 1959இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சியில், கவனியாத செவியில் தமது சொந்தப் பெயர் ஒலித்தபோது மூவரில் ஒருவர் அளவில் அதனைக் கேட்டனர். மூடிய கதவுக்கு அப்பாலும் மனம் ஒரு காவலாளியை வைத்திருக்கிறது போலும்!

இப்பிரித்தறியும் ஆற்றலுக்குத் துணைசெய்வது செவிகள் இரண்டாயிருத்தல். வலப்புறமிருந்து வரும் ஒலி வலச்செவியை முதலில் அடைந்து, தலையைச் சுற்றிச் சிறிது பிந்தி இடச்செவியை அடைகிறது. அப்பிந்துதல் மிக அதிகமான நிலையிலும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அதனைக்கொண்டே ஒலி வந்த திசையை மூளை கணித்துவிடுகிறது. வீட்டிற் கண்ணைக் கட்டிக்கொண்டு, யாரையாவது சாவிக்கொத்தைக் குலுக்கச் சொல்லித் திசை காட்டிப் பாருங்கள். பிறகு ஒரு செவியை நன்கு அடைத்துக்கொண்டு அதே விளையாட்டைச் செய்க. திசை தடுமாறுவதை உடனே உணர்வீர்கள்.

இவ்விளையாட்டை எழுதும்போது நமக்கு ஒரு பிள்ளையின் நினைவு வருகிறது. அதனைச் சொல்லாது இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கிராமப் பாடசாலையில் ஆசிரியத் தொழில் புரிந்தோம். அரைச்சுவர் எழுப்பிய நீண்ட மண்டபம். தட்டி மறைப்புக்கூட இல்லாது நான்கு வகுப்புகள். ஒரு வகுப்பு வாய்பாடு சொல்ல, மற்றொன்று பாட்டுப் பாட, அந்த இரைச்சலிடையேதான் படிப்பு நடக்கும். நமது வகுப்பிற் பின்வாங்கில் ஒரு சிறுவன் இருந்தான். இடப்புறம் நின்று அவனை அழைத்தால் வலப்புறம் திரும்பி விழிப்பான். வகுப்பு முழுவதும் சிரிக்கும். தனியே அழைத்துக் கேட்டால் நன்றாக விடை சொல்வான். வகுப்பில் வினாவினால் ஒன்றுக்கு வேறொன்று சொல்வான். ஆகவே இவனுக்குக் காது கேட்கிறது, வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்கிறான் என்று நாம் தீர்மானித்தோம். எத்தனையோ நாள் அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினோம். பிரம்பும் எடுத்தோம்.

ஒருநாள் அவனுடைய பாட்டியார் பாடசாலைக்கு வந்தார். எழுத்தறியாதவர். கோபித்துப் பேசவில்லை. "சட்டம்பியார், பிள்ளை கூப்பிட்டாத் திரும்புறான்தானே. எந்தப் பக்கமெண்டுதான் அவனுக்குத் தெரியாது. கூகைக்கட்டு வந்த பிறகு இப்பிடித்தான். நல்ல காதைத் தலையணையிலை வைச்சுப் படுத்தானெண்டா இடி விழுந்தாலும் எழும்பான். மற்றப் பக்கம் படுத்தானெண்டா நான் கதவு திறக்கிற சத்தத்துக்கே முழிப்பான். நான் கன நாளாப் பார்த்து வாறன்" என்றார்.

நாம் பேச்சற்று நின்றோம். கூகைக்கட்டு நோய் சிலரில் ஒரு பக்கச் செவியை முற்றாகக் கெடுத்துவிடுவதுண்டு. அமைதியான அறையில் ஒரு செவியே போதும்; இரைச்சலிலோ, திசை அறிவதற்கோ அது போதாது. பொஸ்ரன் நகரத்து அறிஞர் கருவிகொண்டு ஆராய்ந்ததை அப்பாட்டியார் ஒரு தலையணைகொண்டு ஆராய்ந்திருந்தார். தீர விசாரித்தவர் அவரே. கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையும் நம்பித் தீர்ப்புச் சொன்னவர்கள் நாம்.

மறுநாள் அவனை முன்வாங்கில், நல்ல செவி நம்மை நோக்கும்படி இருத்தினோம். அவ்வாண்டு இறுதிப் பரீட்சையில் அவன் நடுத்தரமான மாணவருள் ஒருவனாகத் தேறினான். அவனிடம் நாம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை. இன்றும் வகுப்பறை இரைச்சலைக் கேட்கும்போதெல்லாம் அது நமது நெஞ்சை உறுத்துகிறது.

காது பேசிய கதை

செவியின் உள்ளமைப்பைப் பற்றி நாம் அறிந்ததிற் பெரும்பகுதி ஜோர்ஜ் வொன் பெக்கெசி என்பவரின் உழைப்பால் வந்தது. 1899இல் புடபெஸ்ற் நகரிற் பிறந்த இவர் அங்கேரித் தபாற் பகுதியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். தொலைபேசியைத் திருத்தவேண்டுமாயின், அதன் ஓசையைப் பெறும் காதின் தன்மையை முதலில் அறிதல் வேண்டுமன்றோ என்ற எண்ணமே அவரைச் செவி ஆராய்ச்சியில் இறக்கியது. இறந்தோரின் உட்செவியைத் திறந்து, நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, ஒலி புகும்போது அங்கே ஓர் அலை ஓடுவதைக் கண்டார். நத்தை ஓட்டைப் போற் சுருண்ட அவ்வுறுப்பில் நீட்டி விரித்தால் 35 மில்லிமீற்றர் அளவே வரும் ஒரு மென்சவ்வு உண்டு. உச்சமான சுரங்கள் அதன் வாயிலருகிலும், மந்தமான சுரங்கள் அதன் மறுகோடியிலும் அலையை உயர்த்துகின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம். இதற்காக 1961இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆயின் அவர் பார்த்தவை உயிரற்ற செவிகள். உயிருள்ள செவி வெறுமனே அலையை ஏற்றுக்கொள்வதில்லை, தன் சொந்தச் சக்தியால் அதனைப் பெருக்குகிறது என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. 1978இல் இலண்டனிலே டேவிட் கெம்ப் என்பவர் காதுக்குள் ஒரு சிறு 'டிக்' ஒலியைச் செலுத்தி, அங்கேயே ஒரு நுண்ணிய ஒலிவாங்கியை வைத்துக் காத்திருந்தார். ஆயிரத்திற் சில பங்கு செக்கன் கழித்துக் காதிலிருந்தே ஒரு மெல்லிய ஒலி திரும்பி வந்தது! கேட்பதற்கென்றே படைக்கப்பட்டதாக நாம் எண்ணிய காது தானும் பேசுகிறது.

இஃது ஆராய்ச்சியாளரின் வேடிக்கையாக நின்றுவிடவில்லை. பிறந்து ஓரிரு நாளான குழந்தையிடம் "கேட்கிறதா?" என்று வினவ முடியாது. ஆயின் அதன் காதிடம் வினவலாம். உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியைப் பொருத்தி ஒலி செலுத்தினால், நல்ல காது விடை கூறும். விடை வராவிடின் மேலும் சோதித்தல் வேண்டும். சில நிமிடங்களில் நோவின்றி முடியும் இச்சோதனை இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

மூடும் வாயில்

இவ்வளவு அவசரம் எதற்கு, பிள்ளை வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு விடை தந்தவை பூனைக்குட்டிகள்.

டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்னும் இருவர் பூனையின் மூளையிற் பார்வைப் பகுதியை ஆராய்ந்து, குறித்த சாய்வுடைய கோடுகளுக்கு மாத்திரம் விடையளிக்கும் கலங்கள் அங்குள்ளமையை 1959இல் வெளியிட்டனர். பின்னர், பிறந்து சில நாளான பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையை மூடித் தைத்து, ஏறக்குறைய மூன்று மாதம் சென்றபின் திறந்து பார்த்தனர். கண்ணில் குறையெதுவும் இல்லை. ஆயின் அக்கண்ணாற் குட்டி பார்க்கவில்லை. மூளையிலே அக்கண்ணுக்குரிய கலங்களை மற்றக் கண் கைப்பற்றிக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறே மூடி வைத்தபோது இத்தீங்கு நேரவில்லை. மூளையிற் பார்வைக்கு வழி சமைக்கும் காலம் இளமையே என்பதை 1963இல் அவர்கள் வெளியிட்டனர். 1981இல் இவர்களுக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதக் குழந்தைக்கும் இது பொருந்தும். ஒரு கண் மாறுகண்ணாயிருத்தல், ஒரு கண்ணில் மாத்திரம் கண்ணாடி வேண்டிய குறை இருத்தல், பிறவியிலேயே கண்புரை படர்ந்திருத்தல் ஆகியவற்றால் ஒரு கண்ணின் செய்தி மங்கினால், மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். இதனைச் சோம்பற்கண் என்பர். பெயர் பொருத்தமன்று, சோம்பியது கண்ணன்று. பிள்ளை முறையிடவும் மாட்டாது. அதற்கு இரு கண்ணாற் பார்ப்பது என்னவென்றே தெரியாது. நல்ல கண் எல்லாவற்றையும் செய்துகொள்ளும். இதற்குரிய வைத்தியம் எளிது: வேண்டிய கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மறைத்து, மெலிந்த கண்ணை உழைக்கச் செய்தல். ஏழு வயதுக்கு முன் தொடங்கினாற் பலன் மிகுதி. பிந்தப் பிந்தப் பலன் குறைகிறது.

செவிக்கும் அவ்வாறே. செவிப்புலன் குறைந்த குழந்தைகளை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிபு, ஆறு மாதம் நிரம்புமுன் கண்டறிந்து உதவி பெற்ற குழந்தைகள் பிந்திக் கண்டறியப்பட்ட குழந்தைகளிலும் மொழியில் மிக முன்னேறியிருந்தமையைக் காட்டியது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் உதவி என்பது அங்கே வகுக்கப்பட்ட நியமம். மொழி என்னும் வாயில் என்றும் திறந்தே நிற்பதன்று.

கண்ணும் காதும் ஒன்றையொன்று தாங்கும் என்பதையும் சொல்லல் வேண்டும். 1976இல் இங்கிலாந்தின் சறே சர்வகலாசாலையைச் சேர்ந்த மக்கேர்க், மக்டொனால்ட் என்னும் இருவர் ஒரு விந்தையை வெளியிட்டனர். 'பம்பரம்' என்பதில் நடுவே வரும் பகர ஒலியைக் காதுக்குக் கேட்கச் செய்து, 'தங்கம்' என்பதில் வரும் ககர ஒலியைச் சொல்லும் வாயசைவைக் கண்ணுக்குக் காட்டினால், மனம் இரண்டையும் விட்டு, 'வண்டு' என்பதில் வரும் டகரம் போன்ற மூன்றாவதோர் ஒலியைக் கேட்கிறது! நாம் அனைவரும் அறியாமலே உதட்டைப் படிக்கிறோம். ஆகவே செவி மந்தமான முதியவரோடு பேசும்போது கத்துவதிலும், முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே இருந்து தெளிவாகப் பேசுவதே சிறந்தது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

இனி நாம் வேண்டிக்கொள்வது சிலவே. கைக்குழந்தை உரத்த ஒலிக்குத் திடுக்கிடாவிடினும், ஆறு மாதம் கடந்தும் குரல் வந்த திசைக்குத் திரும்பாவிடினும் "பிறகு பார்ப்போம்" என்று இருக்கவேண்டாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்தபோது சும்மா இருக்கும் குழந்தை, மற்றக் கண்ணை மறைத்தபோது முரண்டுபிடித்துக் கையைத் தள்ளுமாயின் கண் வைத்தியரிடம் கொண்டு செல்க. சிறிது வளர்ந்த பிள்ளையாயின், சுவரிலுள்ள நாட்காட்டியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே வாசிக்கச் சொல்லுக. கூகைக்கட்டுக்குத் தடுப்பூசி உண்டு, அதனைத் தவறவிடலாகாது. முற்றாகக் கேளாத பிள்ளையையும் காணாத பிள்ளையையும் வீட்டு மூலையில் ஒளித்து வைக்கவேண்டாம். இரத்மலானையில் 1912ஆம் ஆண்டு தொடக்கமும், பின்னர் யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் அத்தகைய பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகள் நடந்து வருவதை யாவரும் அறிவர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். கரும்பலகையைப் பார்த்துத் தவறாக எழுதும் பிள்ளையை மந்தன் என்னுமுன், அவனை முன்வாங்குக்கு அழைத்துப் பாருங்கள். அழைத்தால் வேறு திசை நோக்கும் பிள்ளையைப் பிரம்பால் திருப்புமுன், எந்தச் செவியாற் கேட்கிறான் என்று விசாரியுங்கள். விசாரிக்கப் பதினான்கு நாட் சபை வேண்டியதில்லை. சாவிக்கொத்து ஒன்று போதும். எழுத்தறியாத ஒரு பாட்டியாரின் பொறுமை போதும்.

கண்ணாற் காண்பதும் காதாற் கேட்பதும் பொய்யென்று முன்னோர் சொன்னது பிறரைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்புக்காக. அத்தீர்ப்பு ஒரு குழந்தையைப் பற்றியதாயின், தீர விசாரிக்கும் கடமை இரு மடங்கு. அன்று வாங்கின்மேல் நின்ற அச்சிறுவன் இன்று எங்கிருந்தாலும், இதனை வாசிக்க நேர்ந்தால், கேளாது விட்ட மன்னிப்பை இவ்வெழுத்தின் வழியாக ஏற்றுக்கொள்வானாக.